மிச்சங்களின் தொகுப்பு: ஜாய் டிவிஷனின் 'ஸ்டில்'

மான்செஸ்டரின் ராக் இசைக்குழுவான ஜாய் டிவிஷன் இருந்த காலத்தில் முடித்த ஆல்பங்கள் இரண்டுதான். 1980 மே 18 அன்று பாடகர் இயன் கர்டிஸ் இறந்துபோனார், வயது 23. மறுவருடம் அவர்களின் இசைத்தட்டு நிறுவனமான ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் மிச்சம் மீதியை எல்லாம் திரட்டி 'ஸ்டில்' என்று இரட்டை இசைத்தட்டாகப் போட்டது.

சும்மா சொல்லக்கூடாது, முதல் தட்டில் சில பாட்டுகள் ஏன் ஒதுக்கப்பட்டன என்பது கேட்டதும் புரிந்துவிடுகிறது. ஆனால் 'டெட் சோல்ஸ்'? பிரான்சில் 1,578 பிரதி மட்டும் வந்த ஒரு சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள தட்டு) பின்பக்கத்தில் கிடந்த பாட்டு அது, குரல் வருவதற்கே இரண்டு நிமிடம் ஆகும், அதுவரை பேஸும் டிரம்ஸும் கிதாரும் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து நம்மைப் பிடித்து உட்கார வைத்துவிடும், இதைப் போய் பின்பக்கத்தில் போட எப்படி மனசு வந்ததோ!

இரண்டாவது தட்டு பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மே 2 அன்று நடந்த கடைசிக் கச்சேரி. ஒலிப்பதிவு சுமார்தான். 'செரிமனி' பாட்டின் தொடக்கத்தில் கர்டிஸின் குரலே சரியாகக் கேட்காது. அந்தப் பாட்டைத்தான் மீதி மூன்று பேரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தங்கள் முதல் சிங்கிளாக வெளியிட்டார்கள். எனக்கு இந்தக் கரடுமுரடான வடிவம்தான் பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள்.