முக்கால் கேட்பின்

நாங்கள் நம் கல்லூரியில் படித்த எழுபதுகளில் புதிய புத்தகம் என்பது எளிதில் கைக்கு எட்டும் பொருளாக இருக்கவில்லை. 1970 இல் இலங்கையில் பதவிக்கு வந்த அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதோடு இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்த சஞ்சிகைகளும் நாவல்களும் அருகிப்போயின. அக்கட்டுப்பாட்டினால் நம் நாட்டு எழுத்தும் பதிப்பும் வளர்ந்தன என்பது உண்மை. வீரகேசரி நாளிதழ் நிறுவனம் வெளியிட்ட நாவல்களை நாங்கள் ஆவலோடு வாசித்ததும் அந்த ஆண்டுகளில்தான். ஆனாலும் ஊர் வாசிகசாலையின் அலுமாரியை முழுவதும் வாசித்து முடித்த ஒரு மாணவனுக்கு, மேல் தட்டிலிருந்து மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. என் வகுப்புத் தோழர்கள் பலருக்கும் மறுவாசிப்பு இவ்வாறு தட்டுப்பாட்டில் பிறந்த பழக்கமே. தட்டுப்பாடு நீங்கி அரை நூற்றாண்டு ஆகியும் அந்தப் பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை. நீங்காததற்காக நான் மிகவும் மகிழ்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்கியின் பொன்னியின் செல்வன் இருந்தது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடரை மாமா இதழ்களிலிருந்து பிரித்தெடுத்து, தடித்த மட்டை போட்டுக் கட்டிவைத்திருந்தார். மணியத்தின் சித்திரங்களும் பக்க ஓரத்து விளம்பரங்களும் அப்படியே அதில் இருந்தன. முதல் முறை நான் வாசித்தது வந்தியத்தேவனின் குதிரையோடு போட்டியிட்டு ஓடிய வாசிப்பு. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கிய அந்த ஓட்டத்தில் பக்கங்களைப் புரட்டிய வேகம் நினைவிருக்கிறதே தவிர, வாக்கியங்கள் நினைவில்லை. இரண்டாம் முறை வாசித்தபோது, ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இறக்கப்போகிறான் என்பது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த ஒரு வேறுபாட்டினால் காஞ்சியில் அவன் பேசும் பேச்செல்லாம் என் காதில் வேறு விதமாக விழுந்தது. அவனுடைய கோபத்தைக் கண்டு முன்னர் எரிச்சலுற்ற நான், அக்கோபத்துக்குள் இருந்த தனிமையைக் கண்டு கலங்கினேன். பின்னொரு முறை, பேச்சே இல்லாத மந்தாகினிதான் கதை முழுவதையும் தாங்கி நிற்கிறாள் என்று எனக்குப் பட்டது. ஈழக் கரையில் வளர்ந்த ஒருவன் அதை அவ்வளவு காலம் தாழ்த்திக் கண்டானே என்று வியந்தேன். கரிகாலனைக் கொன்றவர் இன்னார் என்று கல்கி அறுதியிட்டுச் சொல்லாமலே கதையை முடித்திருப்பதனால், இப்புத்தகத்துக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் மறுவாசகர்கள் இருந்துகொண்டே இருப்பார்கள்.

நமக்குத் தமிழ் கற்பித்த பண்டிதர் ஐயாவிடம் இந்த நாவல் வாசிப்பைப் பற்றிச் சொன்னால் கடிந்துகொள்வார் என்று அஞ்சியிருந்தேன். அவர் கடியவில்லை. எத்தனையாம் முறை என்று மட்டும் கேட்டுவிட்டு, கரும்பலகையில் நன்னூல் சூத்திரத்தை எழுதினார்: "ஒருகுறி கேட்போன் இருகால் கேட்பின் பெருக நூலில் பிழைபாடு இலனே." அதன் கீழே, "முக்கால் கேட்பின் முறையறிந்து உரைக்கும்" என்பதையும் எழுதினார். இரண்டாம் முறையில் பிழை நீங்குகிறது, மூன்றாம் முறையில் பிறருக்குச் சொல்லும் தகுதி வருகிறது என்று விளக்கிவிட்டு, பவணந்தி முனிவர் பயனைச் சொன்னார், வள்ளுவர்தான் இன்பத்தைச் சொன்னார் என்று திருக்குறளுக்குத் தாவினார். "நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு" என்னும் குறள் நட்பு அதிகாரத்தில் இருக்கிறது. நல்லவரோடு பழகப் பழக இன்பம் பெருகும் என்பதை விளக்கவே வள்ளுவர் நூலை உவமையாக எடுக்கிறார். உவமையாக எடுக்கப்படுவது கேட்பவருக்கு முன்பே தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு நூலைத் திரும்பத் திரும்ப ஓதுவதன் சுவை, நட்பின் சுவையைக் காட்டிலும் அக்காலத்து மாணாக்கருக்கு நன்கு தெரிந்திருந்தது என்றார் ஐயா. அந்த ஒரு பாடவேளையில் கேட்டதை நான் இன்றுவரை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உண்மையில் நம் ஊரில் மறுவாசிப்பு தனி ஒருவரின் பழக்கமாக மட்டும் இருந்ததில்லை. கோயில்களில் நடந்த புராணபடிப்பு ஊர் கூடிச் செய்த மறுவாசிப்பேயாகும். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. ஒருவர் பாடலைப் பண்ணோடு வாசிக்க, மற்றொருவர் பயன் (பொருள் விளக்கம்) சொல்ல, உற்பத்தி காண்டத்தில் தொடங்கித் தக்ஷ காண்டத்தில் வள்ளியம்மை திருமணம் வரை போய், பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்கள். கதை தெரியாதவர் அங்கு ஒருவரும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கள்கூட, வாசிப்பவர் ஒரு சீரை விட்டுவிட்டால் திண்ணையிலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை நம் வாழ்வைக் "கந்தபுராண கலாசாரம்" என்று குறித்தது இதனால்தான். அடுத்து என்ன நடக்கும் என்ற கவலை இல்லாதவர்களின் செவி சொல்லின் மீது எவ்வளவு கூர்மையாக நிற்கும் என்பதை நான் அந்தத் திண்ணையில் கண்டேன். சூரபன்மன், "கோலமா மஞ்ஞை தன்னில் குலவிய குமரன் தன்னைப் பாலன் என்று இருந்தேன்" என்று தன் பகைவனை உணர்ந்து உருகும் இடம் வரும்போது, அதை ஆண்டுதோறும் கேட்டு வந்தவர்களே எல்லோருக்கும் முன்னதாகக் கண் கலங்குவார்கள்.

இந்த இடம் வரும் யுத்த காண்டத்தில் சூரனுடைய மகன் இரணியன் போர்க்களத்தில் இருந்து மறைகிற ஓர் இடம் உண்டு. தந்தை அழியப்போவதை உணர்ந்த அவன், இறுதிக்கடன் செய்ய ஒரு மகனாவது எஞ்சியிருக்க வேண்டும் என்று எண்ணி, மீன் வடிவெடுத்துக் கடலுக்குள் ஒளிந்துகொள்கிறான். சிறுவர்களாகிய நாங்கள் அவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பானுகோபனின் வீரமும், அறமல்ல என்று அண்ணனுக்கு இடித்துரைத்த பின்னும் அவனுக்காகவே போருக்குப் போகிற சிங்கமுகனின் மனமும்தான் எங்களைக் கவர்ந்தன. பயன் சொல்பவரும் இரணியனைச் சுருக்கமாகக் கடந்துவிடுவார். பிற்காலத்தில், நான் கடல் கடந்து இங்கு வந்து சேர்ந்த பிறகு, பாதைகள் மூடிக் கிடந்த நாட்களில், அப்பா ஊரில் காலமானார். கொள்ளி வைக்க என்னால் போக முடியவில்லை. அதற்குச் சில ஆண்டுகளின் பின் யுத்த காண்டத்தை மீண்டும் எடுத்தபோது, அந்தப் படலத்தைக் கடக்க முடியாமல் நின்றுவிட்டேன். உயிர் பிழைக்கக் கடலுக்குள் போனவனுக்கும் ஒரு கடமை இருக்கிறது என்று பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு புலவர் எழுதி வைத்திருக்கிறார். நம்மில் எத்தனையோ பேருடைய கதையை நம் முன்னோர் ஆண்டுதோறும் கோயில் மண்டபத்தில் வாசித்து வந்திருக்கிறார்கள். புத்தகத்தில் அந்தப் பாடல்கள் முன்பும் இருந்தன. அவற்றைக் கேட்கும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது என் வாழ்க்கை. புதிய புத்தகம் எதுவும் எனக்கு இப்படி ஓர் ஆறுதலைத் தந்ததில்லை, ஏனெனில் அப்பாவோடு அருகிருந்து கேட்ட குரலும் இந்தப் பாடல்களுக்குள்ளேயே இருக்கிறது.

மீண்டும் வாசிப்பதற்குப் புத்தகம் இருக்க வேண்டும். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை இம்மலரின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கு அமர்ந்து வாசித்த ஒருவருக்கு, தான் முதலில் எந்தப் பிரதியில் ஒரு வரியைக் கண்டாரோ, பென்சிலால் யாரோ கோடிட்ட அந்தப் பிரதியே திரும்பக் கிடைக்காது என்பது தனியான துயரம். மாமா கட்டிய பொன்னியின் செல்வனும் பின்னைய இடப்பெயர்வில் வீட்டோடு போயிற்று. இன்று என்னிடம் இருப்பது சென்னையில் அச்சான பதிப்பு. கதை அதுவேதான், ஆனால் விளம்பரங்கள் இல்லாத பக்கங்களுக்கு என் கண் பழக வெகுகாலம் சென்றது.

ஆகவே 2005 இல் தொடங்கிய "நூலகம்" என்னும் மின்னூலகத்தை நான் பெருநன்றியோடு பயன்படுத்துகிறேன். ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பழைய பாடசாலை மலர்களும் அங்கே ஒளிவருடிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மகாகவி உருத்திரமூர்த்தியின் "புள்ளி அளவில் ஒரு பூச்சி" என்ற கவிதையை நான் மாணவப் பருவத்தில் வாசித்திருந்தேன். வாசித்துக்கொண்டிருக்கும் ஒருவர் தாளிலே பிசகாக விழுந்த காற்புள்ளி என்று எண்ணிப் புறங்கையால் தட்டியது ஓர் உயிர் என்று அறிந்து வருந்தும் கவிதை அது. அளவெட்டியில் பிறந்த அக்கவிஞர் 1971 இல், நாற்பத்து நான்கு வயதில் மறைந்தார். மாணவப் பருவத்தில் அக்கவிதையின் சாதுரியத்தை மட்டும் வியந்த எனக்கு, அண்மையில் வாசித்தபோது அதிலுள்ள வருத்தம் மெய்யான வருத்தம் என்று புரிந்தது. அவ்வளவு சிறிய சாவுக்கும் மன்னிப்புக் கேட்ட ஒரு மொழியில் நாம் பிறந்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு முதல் ஞாயிறு பிற்பகல்களில் என் மனைவியும் நானும் கந்தபுராணத்தை மறுபடி தொடங்கியிருக்கிறோம். அவர் வாசிக்கிறார், நான் பயன் சொல்கிறேன். என் பயனில் குறை கண்டால் அவர் புத்தகத்தை மூடாமலே மறுத்துரைக்கிறார், அந்த வாதம் சில வேளை இரவுச் சாப்பாடு வரை நீள்கிறது. பேரப்பிள்ளைகள் வந்திருந்தால் கதையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். முதல் வாசிப்புக்குரிய அந்த அவசரத்தை நான் தடுப்பதில்லை. இப்போது மகேந்திர காண்டத்தில் இருக்கிறோம். வீரவாகு தேவர் தூதராகச் சூரனின் அவைக்குள் நுழைந்து, முருகன் அருளால் வந்த சிங்காதனத்தில் அவனுக்கு நிகராக அமர்ந்துவிட்டார். அடுத்த ஞாயிறு பேசத் தொடங்குவார்.