மூன்று கடிதங்களும் ஓர் ஒன்பதும்

என் அண்ணன் மகளுக்கு மூன்று கல்லூரிகளிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. வந்த அன்று வீட்டில் இருந்த மகிழ்ச்சி ஒரு வாரத்துக்குள் வாக்குவாதமாகிவிட்டது. எதைக் கேட்டாலும் அவள் "எல்லாமே நல்ல கல்லூரிதானே" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள் என்று அண்ணன் என்னை அழைத்துப் புலம்பினார். "நீ கேட்டால் மனம் விட்டுப் பேசுவாள். வந்து ஒரு முடிவு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போ" என்றார். வருகிறேன் என்றேன், முடிவெடுத்துக் கொடுப்பதாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த பழைய கடிதம் ஒன்று உண்டு. 1772ஆம் ஆண்டு, தனக்கு வந்த ஒரு வேலையை ஏற்பதா வேண்டாமா என்று தவித்த ஆங்கிலேய அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் எழுதியது. விவரம் போதாததால் என்ன முடிவெடுப்பது என்று தன்னால் சொல்ல முடியாது, எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று தொடங்கி, தாளின் நடுவே கோடு கிழித்து ஒருபுறம் சாதகங்களையும் மறுபுறம் பாதகங்களையும் மூன்று நான்கு நாட்கள் எழுதிவரச் சொல்கிறார். எடையில் சமமானவற்றை எதிரெதிரே அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அத்தை முறையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை என்று எனக்குத் தோன்றும்.

மூன்று கடிதங்களையும் மேசையில் பரப்பினோம். முதலாவது பெயர் பெற்ற கல்லூரி. கணினி அறிவியலில் நேரடி இடம், சேர்ந்த பிறகு துறை மாற வழியில்லை. இரண்டாவதை உறவினர்களில் பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்கவில்லை. அங்கே முதலாண்டு எல்லோருக்கும் பொதுப் பாடங்கள், துறையை இரண்டாமாண்டில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவது வீட்டுக்கு அருகில் இருக்கிறது, கல்விக் கட்டணம் முழுவதற்கும் உதவித்தொகை தருகிறது.

பிராங்கிளினின் முறையில் நான் ஒரு சிறு மாற்றம் செய்தேன். தரவரிசை, மொத்தச் செலவு, வேலைவாய்ப்பு, விடுதி, வீட்டிலிருந்து தூரம், வகுப்பின் அளவு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று 0 முதல் 9 வரை எண் போடச் சொன்னேன். அண்ணன், அண்ணி, அவள் மூவரும் தனித்தனித் தாளில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். கடைசி வரியாக "துறை மாறும் வசதி" என்பதையும் சேர்த்தேன். இரண்டாவது கல்லூரியின் கடிதத்தில் அந்தச் சொல் கண்ணில் பட்டதால் சேர்த்தேனே தவிர, அதன் மேல் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை.

அண்ணனின் 9 தரவரிசைக்குப் போயிருந்தது. அண்ணியின் 9 தூரத்துக்கு. அவள் தூரத்துக்கு 1, தரவரிசைக்கு 4 போட்டிருந்தாள். கடைசி வரியில் முதலில் 5 எழுதி, அதை அடித்து 7 ஆக்கி, அதையும் அடித்துவிட்டு 9 என்று சற்று அழுத்தி எழுதியிருந்தாள். பத்தாம் வகுப்பிலிருந்து கணினி அறிவியல்தான் படிக்கப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவந்த பெண் துறை மாறும் வசதிக்கு ஏன் 9 போட வேண்டும்? அண்ணனும் அண்ணியும் எழுந்துபோன பிறகு அந்தத் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நிரல் எழுதப் பிடிக்கும் அத்தை. ஆனால் நான்கு வருடமும் அது மட்டும்தான் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. உயிரியலை விட்டுவிட மனமில்லை. இப்போது போய் இதைச் சொன்னால் அப்பா என்ன நினைப்பார்?" என்றாள்.

ஒரு வாரமாக நடந்த சண்டை கல்லூரிகளைப் பற்றியதே இல்லை. பதினேழு வயதில் ஒரு பெண் "எதுவானாலும் சரி" என்று சொன்னால், பெரும்பாலும் கடிதங்களில் அச்சாகாத ஏதோ ஒன்று அவள் தொண்டையில் நிற்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதை வெளியே வரவழைக்காமல் நூலகத்தையும் விடுதியையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது என் பார்வையில் வீண் வேலை.

அதற்காக அண்ணனின் கவலையைத் தள்ளிவிட முடியாது. பெயர் பெற்ற கல்லூரியைக் கைவிட்டால் பின்னால் வருந்துவாளோ என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்றை அவரிடம் சொன்னேன். கடும் போட்டியுள்ள கல்லூரிகளில் இடம் கிடைத்தும் அங்கே போகாமல் போட்டி குறைந்த கல்லூரிகளில் படித்தவர்கள், பிற்காலத்தில் அங்கே போனவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே சம்பாதித்தார்கள் என்பது அதன் முடிவு. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர் பெற்ற கல்லூரி கூடுதலாக உதவியது. மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. பொருளியலாளர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிக உயர்ந்த சில கல்லூரிகள் சராசரி வருமானத்தைப் பெரிதாக உயர்த்தாவிட்டாலும், வருமானத்தில் உச்சியிலுள்ள 1 சதவீதத்தினருள் ஒருவராகும் வாய்ப்பைக் கணிசமாகக் கூட்டுகின்றன. தரவரிசையைப் பொறுத்தவரை, கியூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலில் 30 சதவீத மதிப்பெண் கல்வியாளர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பிலிருந்து வருகிறது என்பதையும், முதலாண்டு மாணவிக்கு யார் பாடம் நடத்துவார்கள் என்பதை அந்த எண் சொல்லாது என்பதையும் விளக்கினேன். அண்ணன் தாளில் இருந்த 9ஐ மாற்றவில்லை. ஆனால் அடுத்த கேள்வி வேலைவாய்ப்பைப் பற்றியதாக இருந்தது.

அந்த எண்களைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 4 பங்கு சம்பளமும் ஒருவருக்கு மட்டும் 64 பங்கும் கிடைத்தால் சராசரி 10 என்று விளம்பரம் செய்யலாம். பொய்யில்லை, ஆனால் அந்தப் பத்தை வாங்குபவர் அங்கே யாருமே இல்லை. வரிசையின் நடுவில் நிற்பவருக்கு என்ன கிடைக்கிறது என்ற இடைநிலை எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். "95 சதவீதம் பேருக்கு வேலை" என்றால், அது படித்து முடித்த அனைவரிலுமா, வேலைக்குப் பதிவு செய்தவர்களில் மட்டுமா என்பதையும் கேட்க வேண்டும். ஒரு கல்லூரி மின்னஞ்சலில் தெளிவாகப் பதில் சொன்னது, இன்னொன்று மறுபடியும் அதே விளம்பரத் தாளை அனுப்பியது. அதுவும் ஒரு பதில்தான்.

செலவை முதலாண்டுக்கு மட்டும் பார்க்காமல் படிப்பு முடியும் வரை கூட்டச் சொன்னேன். அப்போதுதான் மூன்றாவது கல்லூரியின் உதவித்தொகைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அண்ணி படித்தார். ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே இறங்காமல் இருந்தால்தான் உதவித்தொகை தொடரும். ஒருமுறை நின்றுவிட்டால் திரும்பக் கிடைக்காது. கையைவிட்டுப் போகாது என்று அவர் நம்பியிருந்த சலுகை அப்படியொரு நிபந்தனையோடு வந்திருந்தது. இரண்டாவது கல்லூரி கட்டணத்தில் பாதியைத்தான் குறைத்திருந்தது, ஆனால் அந்தக் குறைப்பு முழுப் படிப்புக்கும் உறுதி என்று எழுத்தில் தந்திருந்தது.

வளாகத்தைப் பார்த்துவரப் போகும் நாளில் எல்லாக் கல்லூரியும் அழகாகத்தான் இருக்கும். அதனால் இரண்டாவது கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் ஒரு மாணவியிடம் பேசவைத்தேன். முதலாண்டில் இருப்பவர்களுக்கு இன்னும் பிரமிப்பு தெளிந்திருக்காது, கடைசி ஆண்டில் இருப்பவர்கள் வேலை தேடும் பதற்றத்தில் இருப்பார்கள். "எந்தத் துறைக்கு மாறக் கேட்டாலும் கிடைக்குமா?" என்று இவள் கேட்டாள். கணினி அறிவியலுக்கு மட்டும் முதலாண்டு மதிப்பெண் பார்த்து எடுப்பார்கள், மற்றவற்றில் சிக்கலில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். கடிதத்தில் இல்லாத இந்த விவரத்துக்காகவே அந்த இருபது நிமிட அழைப்பு தேவைப்பட்டது.

அன்றிரவு அவளே அப்பாவிடம் போய் உயிரியலைப் பற்றிச் சொன்னாள். நான் கூட இருக்கவில்லை. மறுநாள் காலை அண்ணன் என்னிடம், "இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

இரண்டாவது கல்லூரிக்கு ஒப்புதல் அனுப்ப அவளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மற்ற இரண்டுக்கும் மறுப்பு எழுதுவதில்தான் மாலை முழுவதும் போயிற்று. கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும் என்று அண்ணி சொன்னார். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் யாரோ ஒரு பிள்ளைக்குப் போகவேண்டிய இடத்தைப் பிடித்துவைத்திருக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். முதல் கல்லூரிக்கு எழுதிய இரண்டு வரிகளை அவள் திரையில் வைத்துக்கொண்டு, "அப்பா, நீங்களே அனுப்பிவிடுங்கள்" என்றாள். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார், பிறகு அனுப்பினார்.