தியரி டெஸ்ட்டுக்குப் படிக்கிறவர்களுக்கு

பிரிட்டன் லைசென்ஸ் தியரியில் 50 கேள்விக்கு 43 சரியாக இருந்தால் பாஸ். அது படித்தால் வந்துவிடும், விடுங்கள். ஆளைக் கவிழ்ப்பது ஹசார்ட் பெர்செப்ஷன்தான், அதாவது வரப்போகும் ஆபத்தைக் கண்டுபிடிக்கும் வீடியோப் பகுதி. 14 வீடியோக்கள், ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே கிளிக் செய்ய வேண்டும். நிற்கிற வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் ரோட்டில் கால் வைக்கிறான் பாருங்கள், அந்த நொடி! உடனே தட்டினால் 5 மதிப்பெண், தாமதிக்கத் தாமதிக்கக் குறையும். எதற்கும் இருக்கட்டும் என்று படபடவென்று தட்டிக்கொண்டே இருந்தால் அந்த வீடியோவுக்குப் பூஜ்யம்.

அப்புறம், ரவுண்டபவுட், நம்மூர் ரவுண்டானா. வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். ஹாரன் அடித்து நுழையும் நம்மூர் வித்தையெல்லாம் இங்கே செல்லாது. இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்களே, குடிவந்த பிறகு 12 மாதம்தான் அதில் ஓட்டலாம். இப்போதே புக் பண்ணுங்கள், பிராக்டிகலுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு.