கிடங்கில் வைத்து விற்பவர் கைகழுவ முடியுமா?

இணையச் சந்தையில் வாங்கிய பொருள் வெடித்தோ தீப்பற்றியோ ஒருவருக்குக் கேடு விளைந்தால், அந்தச் சந்தையை நடத்தும் நிறுவனம் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்றுதான்: விற்றவர் வேறொருவர், நாங்கள் இடம் மட்டுமே கொடுத்தோம். இந்தப் பதிலில் எனக்கு நியாயம் தென்படவில்லை.

பொருள் நம் கைக்கு வரும் வழியைப் பாருங்கள். பல விற்பனையாளர்கள் தம் சரக்கை மொத்தமாக நிறுவனத்தின் கிடங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு அதை அடுக்கி வைப்பதும், தேடுபவரின் திரையில் எது முதலில் தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பதும், பணத்தை வாங்குவதும், தன் பெயர் அச்சிட்ட பெட்டியில் அனுப்புவதும், கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை விற்பனையாளருக்குக் கொடுப்பதும் அந்த நிறுவனமே. இத்தனையும் செய்பவரை வெறும் இடம் கொடுத்தவர் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இந்தக் கேள்வியைத்தான் 2021-இல் அமேசான் மீது எழுப்பியது. கார்பன் மோனாக்சைடு பரவினாலும் ஒலிக்காத எச்சரிக்கைக் கருவிகள், தீப்பற்றுவது குறித்த பாதுகாப்பு விதிகளை நிறைவு செய்யாத குழந்தைகளின் இரவு உடைகள், நீரில் விழுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு இல்லாத ஹேர் டிரையர்கள் என நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அந்த வழக்கில் அடங்கின. ஹேர் டிரையரை மட்டும் சற்று அருகில் பார்ப்போம். அந்தப் பாதுகாப்பு உள்ள டிரையரின் பிளக் சற்றுப் பருமனாக, சோதிப்பதற்கும் மீண்டும் இயக்குவதற்கும் இரண்டு சிறு பொத்தான்களோடு இருக்கும். அது இல்லாத டிரையரை அணைத்து வைத்திருந்தாலும், பிளக் சுவரில் செருகியிருக்கும்போது தண்ணீரில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. விற்பனைப் பக்கத்துப் படங்களில் டிரையரின் வாயும் வண்ணமும் கண்ணில் படுகின்றன, பிளக்கை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? வாங்குபவர் கவனமாக இருக்க வேண்டும் என்ற அறிவுரை இங்கே பயன்படாது.

2024 ஜூலையில் ஆணையம், கிடங்கில் வைத்து அனுப்பிய பொருட்களைப் பொறுத்தவரை அமேசான் ஒரு விநியோகஸ்தர்தான் என்றும், வாங்கியவர்களுக்கு அது ஏற்கெனவே அனுப்பிய அறிவிப்புகள் போதாதவை என்றும் தீர்ப்பளித்தது. நிறுவனம் அதை ஏற்காமல் 2025-இல் நீதிமன்றத்துக்குப் போனது.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. மடிக்கணினியின் மாற்று பேட்டரி வெடித்துத் தீக்காயம் அடைந்த ஒருவரின் வழக்கில், அமேசானையும் பொறுப்பாக்கலாம் என்று கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் சொன்னது. மறு ஆண்டு, ரிமோட்டிலிருந்த பட்டன் பேட்டரியை ஒரு குழந்தை விழுங்கிய வழக்கில், பொருளின் உடைமையுரிமை அமேசானிடம் ஒருபோதும் இருக்கவில்லை என்பதால் அது விற்பனையாளர் அல்ல என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடக்கூடியது. ரிமோட்டில் பேட்டரி இருக்கும் பகுதியின் மூடியை ஒரு திருகாணியால் இறுக்கியிருந்தால் குழந்தையின் விரல் அதைத் திறந்திருக்காது. உடைமையுரிமை யாரிடம் இருந்தது என்ற ஆராய்ச்சி, அந்தத் திருகாணி ஏன் இல்லை என்பதை யார் கேட்டிருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதிலாகாது.

இந்தியாவிலும் 2022-இல், கட்டாயத் தர விதிகளை மீறிய பிரஷர் குக்கர்களை விற்க இடமளித்ததற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விற்பனையான 2,265 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தெரிவித்துப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அந்த விற்பனையில் நிறுவனத்துக்குக் கிடைத்த கமிஷன் ஆறு லட்சத்துக்கும் மேல். கமிஷனை விடக் குறைவான அபராதம் யாரையும் திருத்தாது என்பது என் உறுதியான எண்ணம். அந்த உத்தரவும் நீதிமன்றத்துக்குப் போனது.

கோடிக்கணக்கான பொருட்களில் ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பது என்று நிறுவனங்கள் கேட்கலாம். ஒவ்வொன்றையும் சோதிக்கச் சொல்லவில்லை. சூடேறுபவை, பேட்டரி உள்ளவை, குழந்தைகளுக்கானவை ஆகிய வகைகளுக்கு மட்டுமாவது சோதனைச் சான்றிதழைப் பார்த்த பிறகே விற்பனைக்கு ஏற்றலாம். நீக்கிய பொருள் வேறு பெயரிலும் வேறு படத்திலும் திரும்பி வராமல் தடுக்கலாம். பழைய நாற்காலியை விற்க ஒருவர் விளம்பரம் போடும் தளத்தின் மீது இதே சுமையை ஏற்றுவது நியாயமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சரக்கும் பணமும் எவர் கையில் இருக்கின்றனவோ அவரையே நான் குறிப்பிடுகிறேன்.

2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருள் பாதுகாப்பு விதி, ஆபத்தான பொருளை நீக்குமாறு அதிகாரிகள் உத்தரவிட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் செயல்படுமாறு இணையச் சந்தைகளைக் கட்டாயப்படுத்துகிறது. வாங்கியவர்களுக்கு நேரடியாகத் தெரிவிக்கவும் சொல்கிறது. இந்த இரண்டாவது கடமையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்பது தயாரித்தவருக்குத் தெரியாது, அரசுக்கும் தெரியாது, சந்தைக்கு மட்டுமே தெரியும். அங்கிருந்து வரும் செய்தியின் முதல் வரியிலேயே எந்தப் பொருள், என்ன ஆபத்து, உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் என்று வாங்கியவரின் மொழியில் எழுதியிருக்க வேண்டும், பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய விவரம் அதற்குக் கீழே வரட்டும்.