ஆல்க் எட்டு இருக்கு, போதுமா?

"அண்ணே, ஆல்க் எட்டு இருக்கு, ஓகேவா?" கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களில் வாரம் தவறாமல் யாராவது ஒருவர் வாட்ஸப்பில் இதைக் கேட்டுவிடுகிறார். ஆல்க் என்பது ஆல்கலினிட்டி, அமிலத்தை ஈடுகட்டத் தண்ணீருக்கு இருக்கும் திறன், அதை அளக்கும் அலகு டிகேஎச். ஓகேதான். ஏழரையும் ஓகே, ஒன்பதும் ஓகே. கடல்நீரே ஏறத்தாழ 7 டிகேஎச் பக்கம்தான் இருக்கிறது, வீட்டில் ரீஃப் தொட்டி வைத்திருப்பவர்கள் ஏழுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் எங்கெங்கோ நிறுத்திக்கொண்டு நன்றாகவே பவளம் வளர்க்கிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த எட்டு ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குகிறது என்பது. அது தெரியாமல் எட்டு என்று மட்டும் சொல்வது, பேங்கில் இருக்கும் பணம் தெரியும், மாதச் செலவு தெரியாது என்கிற மாதிரி.

ஏன் இறங்குகிறது? கல் பவளங்கள் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துத்தான் தங்கள் கூட்டைக் கட்டுகின்றன. பாறையில் படரும் ஊதா நிறக் கோரலைன் பாசியும் அதே வேலையைச் செய்கிறது. கணக்கு எளிது. ஆல்க் 2.8 டிகேஎச் இறங்கினால் கால்சியம் சுமார் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) இறங்கும். கால்சியம் 420 இருந்து 400 ஆனால் டெஸ்ட் கிட்டில் அது கண்ணுக்கே தெரியாது, பவளமும் கண்டுகொள்ளாது. அதே நேரத்தில் ஆல்க் எட்டிலிருந்து 5.2க்குப் போயிருக்கும், அது பெரிய விஷயம். அதனால்தான் கால்சியத்தை மாதம் இரண்டு முறை பார்த்தால் போதும் என்கிறேன், ஆல்க்கை மட்டும் விடாமல் பார்க்கச் சொல்கிறேன்.

பிஎச்சையும் ஆல்க்கையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. நான் இருப்பது சிங்கப்பூர், இங்கே பாதி வீடுகளில் ராத்திரி ஜன்னலை மூடி ஏசி ஓடும், அறைக்குள் நாம் விடும் மூச்சிலேயே கார்பன் டை ஆக்சைடு ஏறி, காலையில் தொட்டியின் பிஎச் 7.8 காட்டும். உடனே பயந்து ஆப்ப சோடாவை அள்ளிப் போடுகிறார்கள். ஆப்ப சோடா பிஎச்சைப் பெரிதாக ஏற்றாது, போட்ட உடனே கொஞ்சம் இறக்கவும் செய்யும், ஆல்க் மட்டும் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். ஜன்னலைத் திறந்திருந்தால் போதும். தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் தொட்டியில் ஆல்க் இப்படி ஏறினால் அக்ரோபோரா என்கிற கல் பவளத்தின் கிளை நுனிகள் வெளுத்துக் கருகிப்போகும். மீனுக்குக் கஞ்சத்தனமாகத் தீனி போட்டு, தொட்டியைப் பளிச்சென்று வைத்திருப்பவர்கள் ஏழரை, எட்டிலேயே நின்றுவிடுவது நல்லது.

சரி, அளப்பதற்கு வருவோம். சொட்டு ஊற்றிப் பார்க்கும் கிட்டுகளில் எல்லாம் அடிப்படை ஒன்றுதான், தண்ணீரில் நிறங்காட்டியைக் கலந்து, அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நிறம் எங்கே மாறுகிறது என்று பார்ப்பது. ஏபிஐ கிட்டில் ஒரு சொட்டு என்றால் ஒரு டிகேஎச், நீலம் மஞ்சளாகும். ரீஃப் தொட்டிக்கு அந்தத் துல்லியம் பத்தாது (5 மில்லிக்குப் பதில் 10 மில்லி தண்ணீர் எடுத்தால் சொட்டுக்கு அரை டிகேஎச் ஆகும், அவசரத்துக்கு ஓடும்). சாலிஃபெர்ட் கிட்டில் ஊசியில் ஏற்றி விட வேண்டும், பச்சை கலந்த நீலம் ஆரஞ்சு கலந்த சிவப்பாகும். இங்கேதான் ஆளாளுக்கு வேறு வேறு எண் வருகிறது. முடிவு நெருங்கும்போது சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றும், குலுக்கினால் மறைந்துவிடும். அது முடிவு இல்லை. அடுத்த சொட்டில் மொத்தமும் ஒரு அழுக்குச் சாம்பல் நிறத்துக்கு வந்து தயங்கி நிற்கும், அதுவும் இல்லை. இன்னொன்றோ இரண்டோ விட்டு, குலுக்கியும் நிறம் திரும்பிப் போகாமல் நின்றால் அங்கே நிறுத்துங்கள். ஊசி முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாதிச் சொட்டைக் குப்பியின் சுவரில் தொட்டு இறக்கிவிடுங்கள். தொட்டி விளக்கின் நீல வெளிச்சத்தில் இதைச் செய்யவே கூடாது, சமையலறைக்குப் போய் வெள்ளை விளக்கின் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக்கொண்டு பாருங்கள். உப்பு காய்ந்து ஒட்டிய பழைய குப்பியையும் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை அலசிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

நிறம் பார்க்கும் தலைவலியே வேண்டாம் என்று ஹன்னா செக்கர் (நிறத்தைத் தானே படித்து எண்ணாகக் காட்டும் சின்னக் கருவி) வாங்குகிறவர்கள் உண்டு, நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் திரையில் 8.3 என்று புள்ளி வைத்துக் காட்டுவதாலேயே அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிகேஎச் காட்டும் மாடலுக்கு அந்தக் கம்பெனியே சொல்லும் பிழை எல்லை 0.3, அதோடு காட்டும் அளவில் 5 சதவீதம், அதாவது எட்டு என்று காட்டினால் 7.3க்கும் 8.7க்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம். நேற்று 8.3, இன்று 7.9 என்றால் தொட்டியில் எதுவுமே நடக்காமல் இருந்திருக்கலாம். குப்பியில் விரல் ரேகை, உள்ளே ஒட்டிய காற்றுக் குமிழி, இவை போதும் எண்ணை மாற்ற. ஒரே கருவி, ஒரே நேரம், ஒரே கை, இவை மாறாமல் இருந்தால் எண் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் இறக்கம் சரியாகத் தெரியும்.

சொட்டுக் கிட் சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சுத்தமான ஆப்ப சோடா 24 கிராம் எடுத்து, ஆர்ஓ டிஐ தண்ணீரில் (உப்பெல்லாம் நீக்கிய சுத்த நீர்) கரைத்துச் சரியாக ஒரு லிட்டர் ஆக்குங்கள். அதிலிருந்து 10 மில்லி எடுத்து மறுபடி ஒரு லிட்டர் ஆக்குங்கள். இந்த இரண்டாவது தண்ணீர் 8 டிகேஎச். கிட் ஒன்பது காட்டினால் கிட்டின் மேல் தப்பு, பவளத்தின் மேல் இல்லை. கடல்நீருக்கென்றே செய்த ஹன்னா செக்கருக்கு இந்த வழி சரிப்படாது.

இப்போது இறக்கத்தை அளக்கலாம். ஆல்க் ஏற்றப் போடும் சோடா, திரவம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு சாயங்காலம் அளந்து, இரண்டு நாள் கழித்து அதே நேரத்துக்கு அளங்கள். 8.6 இருந்தது 7.8 ஆகியிருந்தால் நாளைக்கு 0.4. ஒரே நாள் கழித்து அளந்தால் கருவியின் பிழைக்குள்ளேயே எல்லாம் அமுங்கிவிடும், அதனால்தான் இரண்டு நாள், பவளம் குறைவாக இருந்தால் மூன்று நாள்கூட விடலாம். லிட்டருக்கு 0.03 கிராம் ஆப்ப சோடா ஒரு டிகேஎச் ஏற்றும். தொட்டியில் உண்மையாக இருக்கும் தண்ணீர் 200 லிட்டர் என்றால் (கண்ணாடியின் அளவு இல்லை, பாறையும் மணலும் பிடித்த இடம் போக மீதி), 0.4 ஏற்ற 2.4 கிராம் வேண்டும். 80 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டால் தினம் 30 மில்லி. அவ்வளவுதான் விஷயம். கடையில் விலை உயர்ந்த பாட்டிலில் விற்கும் பல ஆல்க் திரவங்களிலும் அடிப்படை இந்தச் சோடாவோ இதன் கார்பனேட்டோதான். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமிலமும் மாவும் இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள்.

பிஎச்சும் கொஞ்சம் ஏற வேண்டும் என்றால் அந்தச் சோடாவையே 150 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள், சோடியம் கார்பனேட் ஆகிவிடும். 80 கிராம் எடை குறைந்து 50 கிராம் சொச்சம் ஆகும், ஆனால் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும்தான் போயிருக்கின்றன, ஆல்க் அப்படியே இருக்கிறது, அதனால் முழுவதையும் அதே ஒரு லிட்டரில் கரைத்தால் அதே 30 மில்லிதான். இதைக் கால்சியம் ஊற்றும் இடத்திலேயே ஊற்றினால் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும், போட்ட இரண்டுமே சுண்ணாம்பாகி ஹீட்டரிலும் பம்பிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள், சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி) வேகமாக ஓடும் தண்ணீரில் ஊற்றுங்கள். மக்னீசியம் 1250 பிபிஎம்முக்குக் கீழே போய்விட்டால் இந்தத் தொல்லை இன்னும் அதிகமாகும்.

ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தெளிநீர் விடுவது எனக்குப் பிடித்த முறை, கால்சியமும் ஆல்க்கும் சரியான விகிதத்தில் சேர்ந்தே போகும். லிட்டருக்கு சுமார் 1.5 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு கரையும். ஆனால் 200 லிட்டர் தொட்டியில் தினம் 3 லிட்டர் ஆவியானால் முழுத் தெளிநீர் நாளைக்கு 1.7 டிகேஎச் கொண்டுவரும், 0.4 மட்டும் குறையும் தொட்டிக்கு அது மிக அதிகம், கால்வாசி வீரியம் போதும். பிஎச் 12க்கு மேல், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே பொருள்தானே என்று கேட்காதீர்கள், அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

தண்ணீர் மாற்றும்போது உப்பின் ஆல்க்கையும் பாருங்கள். ரெட் ஸீ கோரல் ப்ரோ மாதிரி 12க்குப் பக்கத்தில் வரும் உப்பை, எட்டில் நிற்கும் தொட்டியில் 20 சதவீதம் மாற்றினால் 8.8க்குக் குதிக்கும், வாரா வாரம் இந்தக் குதிப்பு பவளத்துக்குத் தேவையில்லாத வேலை. எங்கிருந்து எங்கே கொண்டுபோவதாக இருந்தாலும் நாளைக்கு ஒரு டிகேஎச்சைத் தாண்ட வேண்டாம், அரை இன்னும் நல்லது.

சென்னையிலிருந்து கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கல் பவளங்கள் இந்தியாவில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. ராமேசுவரம் கரையில் கிடந்தது என்று ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்து வருவது விளையாட்டு இல்லை.

கடைசியாக, எண்களை எழுதி வையுங்கள். அளவு மாற்றாமல் அதே 30 மில்லி போய்க்கொண்டிருக்கும்போது ஆல்க் மெல்ல ஏறத் தொடங்கினால் சந்தோஷப்படாதீர்கள், பவளம் கட்டுவதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். டோஸிங் பம்பை (திரவத்தைத் தானாக அளந்து விடும் பம்ப்) குறைத்துவிட்டு, முதலில் உப்பு அளவு, பிறகு வெப்பம், பிறகு பாஸ்பேட் என்று வரிசையாகப் பாருங்கள். நிறம் வெளுத்துப் பவளம் காட்டிக்கொடுப்பதற்குச் சில நாள் முன்பே பெரும்பாலும் இந்த ஏற்றம் நோட்டில் தெரிந்துவிடும்.