படிகள் இல்லாத பாதை

“எத்தனை படி ஏற வேண்டும்?”

எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அம்மா இப்போது முதலில் கேட்பது இதைத்தான். முப்பது ஆண்டுகள் செவிலியராக வார்டு வார்டாக நின்றும் நடந்தும் தேய்ந்த முழங்கால்கள். போன வருடம் ஒரு மலைக்கோயிலுக்குப் போனபோது பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மேலே போய் வரும்வரை, போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்தபடி தனியாக இருந்தார். பிரசாதத்தை அவர் கையில் கொடுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த பயணம் அம்மாவின் காலுக்கு ஏற்றதாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். தரை சமமாக இருக்க வேண்டும், நிழல் வேண்டும், நினைத்த இடத்தில் உட்கார முடிய வேண்டும். அவ்வளவுதான்.

தேடிப் பார்த்ததில் விடை எங்கள் பக்கத்திலேயே இருந்தது. ஏரிக்கரை.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் பிறந்தவர்களுக்கு உயரமான மலைகள் தூரம், ஆறு என்றால் பாலாறுதான், அதிலும் தண்ணீரைப் பார்ப்பது அரிது. ஆனால் ஊருக்கு ஓர் ஏரி உண்டு. ‘தாங்கல்’ என்றாலே சிறிய ஏரி என்றுதான் பொருள். சென்னையில் பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று நாள்தோறும் சொல்கிறோம், அந்தப் பெயருக்குள் தண்ணீர் இருப்பதை மறந்துவிட்டோம். நாங்கள் போனது, பெயரில் மட்டுமல்லாமல் நிஜத்திலும் தாங்கலாகவே நிற்கும் வேடந்தாங்கலுக்கு.

ஜனவரி மாதம், ஒரு புதன்கிழமை. ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்பினால் அதன் பிறகு நெல்வயல்தான். சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள். வேண்டுமென்றே மதியம் மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டு “கூட்டம், வெயில், ஒன்றும் இல்லை” என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த இடத்துக்கு மாலைதான் நேரம்.

நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போனால் நேராகக் கரைதான். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் தாழ்வாக வயல். கரை முழுக்க மர நிழல், இடையிடையே உட்கார இருக்கைகள். அம்மா முதல் இருக்கை வரை நடந்தார், உட்கார்ந்தார். அடுத்த இருக்கை வரை நடந்தார், உட்கார்ந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை, நானும்கூட. வேகமாக நடந்திருந்தால் நான் பாதியைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

ஏரி பெரியதல்ல, சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள் நீர்க்கடம்பும் கருவேலமும் இடுப்பளவு மூழ்கி நிற்கின்றன. அந்த மரங்களின் மேல் இலை தெரியவில்லை, பறவைதான் தெரிந்தது. நத்தைகுத்தி நாரையை அம்மாவுக்கு முதலில் காட்டினேன். அதன் இரு அலகுகளும் நடுவில் ஒட்டாமல் ஒரு சிறு இடைவெளி இருக்கும், வயல் நத்தையைப் பிடித்து உண்ண ஏற்ற வாய். பக்கத்து மரத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள், வாலருகே இளஞ்சிவப்பைத் தொட்டு வைத்தது போன்ற இறகுகளுடன். குஞ்சுகள் ஓயாமல் கத்துகின்றன. தாயும் தந்தையும் மாறி மாறி வயலுக்குப் போய், தொண்டையில் மீனைக் கொண்டுவந்து கூட்டில் கக்குகின்றன. பாம்புத்தாரா ஒன்று இறக்கையை விரித்து, துணி உலர்த்துவது போல வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தது. கூழைக்கடா இறங்கும்போது தண்ணீரில் காலை ஊன்றிச் சறுக்கியது. அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

இங்கே வேலியை விடப் பழைய காவல் ஒன்று இருக்கிறது. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரம். தலைமுறை தலைமுறையாக இதை அறிந்த ஊர்க்காரர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல், லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் காலத்தில், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். ‘கவுல்’ என்ற அந்த உரிமைப் பத்திரம் 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் அரசு சரணாலயமாக அங்கீகரித்தது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த ஆண்டுகள் அல்ல, தீபாவளிக்கு இங்கே பட்டாசு வெடிப்பதில்லை என்பதுதான். ஓர் ஊரே குழந்தைகளின் ஆசையைப் பறவைகளுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்தக் கரையில் செருப்பைத் தேய்த்து நடக்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

வழியில் கரிக்கிலிக்கும் போயிருந்தோம். பத்து கிலோமீட்டர் தொலைவுக்குள்தான், அதுவும் ராம்சார் நிலம். மரக்கூடுகள் அவ்வளவு இல்லை, தண்ணீரில் வாத்துகளும் கரையோரம் அரிவாள்மூக்கன்களும். அங்கிருந்த நேரத்தில் எங்களைத் தவிர மூன்று பேரைத்தான் பார்த்தேன். தனிமை தேடுகிறவர்கள் அதையே முதலில் பாருங்கள். தொலைநோக்கி மட்டும் கட்டாயம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பளிச்சென்ற நிறத்தில் உடுத்த வேண்டாம். பாட்டுப் பெட்டியும் தின்பண்டப் பொட்டலமும் வேண்டாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம், ஆனால் வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடத்தில் ஏரி வறண்டுவிடும், விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். முதியவர்களை அழைத்துப் போனால் காட்சிக் கோபுரத்தில் ஏற்றியே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். கரையிலிருந்தே எல்லாம் தெரிகிறது.

வேடந்தாங்கல் தூரம் என்றால் உங்கள் ஊர் ஏரிக்குப் போங்கள். மதகிலிருந்து, மிகுந்த நீர் வழிந்தோடும் கலங்கல் வரை மாலையில் ஒரு நடை. அதற்கு முதலில் அங்கே கரை இருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம். நான் சிறுவயதில் பனைமரங்களுக்கிடையே ஓடிய எங்கள் ஏரிக்கரையில் இன்று சீமைக்கருவேலமும் குப்பையும் மண்டிக் கிடக்கின்றன, ஒரு பகுதியில் வீடுகளே வந்துவிட்டன. ஏரியைத் தண்ணீர்த் தொட்டியாக மட்டும் பார்த்துவிட்டோம். வயதானவர்கள் பயமில்லாமல் நடக்க, ஏரிக்கரையைவிடச் சமமான, அதைவிடக் குளிர்ந்த பாதையை எந்தப் பூங்காவும் தரவில்லை.

ஐந்தரை மணிக்கு மேல் வானம் நிறையத் தொடங்கியது. வயல்களுக்குப் போன பறவைகள் கோடு கோடாகத் திரும்பின. நாரைகள் ஒரு பக்கம், அரிவாள்மூக்கன்கள் வில் போல வளைந்து ஒரு பக்கம், நீர்க்காகங்கள் தாழப் பறந்து ஒரு பக்கம். எந்தக் கூட்டமும் தன் மரத்தைத் தவறவிடவில்லை. காவலர் வந்து, மூடும் நேரமாகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். நாங்கள் எழுந்து நடந்தபோது, எல்லாம் உள்ளே வந்துகொண்டிருக்க, கிளைகளுக்குள் பகலெல்லாம் தூங்கியிருந்த சில பறவைகள் மட்டும் எதிர்த்திசையில் கிளம்பின. ‘குவாக்’ என்று ஒற்றைக் குரல்.

“அவை எங்கே போகின்றன?” என்றார் அம்மா.

“வக்கா அம்மா. இரவில்தான் இரை தேடும்.”

அம்மா நின்று, அவை வயல்களுக்கு மேலே மறையும் வரை பார்த்தார்.

“நைட் டியூட்டி” என்றார், என் கையைப் பிடித்துக்கொண்டு.