ஓஓபி லேப் அரியர் போய்விட்டது

நேற்று சாயங்காலம் ஓஓபி (ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்) லேப் ரிசல்ட் வந்தது. பாஸ். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தபடியே போனில், "நெசமாவா சாமி?" என்று இரண்டு தடவை கேட்டார். போன தடவை அந்தப் போனை நான் எடுக்கவே இல்லை.

போன தடவை வந்தது ஜாவாஎஃப்எக்ஸ் (ஜாவாவில் ஸ்கிரீன் செய்ய உதவும் லைப்ரரி) கேள்வி. பிடித்த தொழில் ஒன்றுக்கு மூன்று ஸ்கிரீன், மூன்றும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும், இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு பேரண்ட் கிளாஸில் எழுதியதைச் சைல்ட் கிளாஸ்கள் வாங்கிக்கொள்வது) கட்டாயம். திருப்பூர்க்காரனுக்கு யோசனையே வேண்டாம்: நூல் வரவு, ஜாப் ஒர்க், பில். மேல், கீழ், நடு என்று இடம் பிரித்துத் தரும் பார்டர்பேனிலிருந்து எக்ஸ்டெண்ட் செய்து பேஸ்ஸ்கிரீன் என்ற பேரண்ட் கிளாஸ் எழுதினேன். மேலே தலைப்பு, கீழே சேவ், கேன்சல். நடுவில் வரும் ஃபார்மை மட்டும் ஒவ்வொரு ஸ்கிரீனும் தன் பில்ட்ஃபார்ம் மெத்தடில் தரும்.

ரன் கொடுத்தால் நல்பாயின்டர் எக்ஸெப்ஷன். 'சைல்ட் நோட் இஸ் நல்' என்கிறது, அதாவது ஸ்கிரீனுக்குள் வைக்கக் கொடுத்த பொருளே இல்லையாம். டெக்ஸ்ட்ஃபீல்டை உருவாக்க கிளாஸின் மேலேயே நியூ போட்டிருக்கிறேனே! முக்கால் மணி நேரம் இம்போர்ட் வரிகளைத் தடவிக்கொண்டிருந்தேன். "தம்பி, அவுட்புட் எங்கீங்க?" என்றார் எக்ஸ்டெர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்). இல்லை.

தப்பு இதுதான். பில்ட்ஃபார்மை பேஸ்ஸ்கிரீனின் கன்ஸ்ட்ரக்டருக்குள் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் பகுதி) கூப்பிட்டிருந்தேன். ஜாவாவில் முதலில் பேரண்டின் கன்ஸ்ட்ரக்டர் ஓடி முடியும். அப்புறம்தான் சைல்டின் ஃபீல்டுகளுக்கு மதிப்பு ஏறும். ஆனால் ஓவர்ரைடு ஆன (சைல்ட் தன் பங்குக்கு மாற்றி எழுதிய) மெத்தட் சைல்டுடையதே ஓடும். ஆக, டெக்ஸ்ட்ஃபீல்ட் பிறப்பதற்கு முன்பே அதைக் கொண்டுபோய் விபாக்ஸில் (ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் பெட்டி) போட்டிருக்கிறேன். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது.

இந்த முறை செய்தவை:

- கன்ஸ்ட்ரக்டரில் தலைப்பை மட்டும் வாங்கி வைத்தேன். திரை கட்டும் வேலை தனி மெத்தட். ஸ்கிரீனுக்கு நியூ போட்டு முடித்த பிறகே அதைக் கூப்பிட்டேன்.
- பில்ட்ஃபார்ம் ஆப்ஸ்ட்ராக்ட் (பேரண்டில் பெயர் மட்டும்). சைல்டில் எழுதாமல் விட்டால் கம்பைலரே திட்டும்.
- சேவ் மெத்தட் ஃபைனல் (சைல்ட் மாற்றி எழுத முடியாது). அதற்குள் சைல்டின் செக் மெத்தடைக் கூப்பிட்டேன். சேவ் மெத்தடையே ஓவர்ரைடு செய்ய விட்டால் பேரண்டின் சேவைக் கூப்பிடும் சூப்பரை யாராவது போட மறப்பார்கள். யாராவது என்றால் நான்தான்.
- பேரண்ட், சைல்ட், அத்தோடு சரி. பேரன் வரை போகவில்லை.

எனக்கு மனப்பாடம் வராது. அதனால் தினமும் காலையில் பேஸ்ஸ்கிரீனை வெள்ளைத்தாளில் எழுதி, எந்த வரி எப்போது ஓடும் என்று பக்கத்தில் நம்பர் போட்டேன். ஃபிரெண்டு ஒருத்தன் ரெக்கார்டை அப்படியே உருப்போட்டுப் பாஸாகிவிட்டான், அது வேறு விஷயம். வீட்டில் ஜேடிகே (ஜாவா புரோகிராம் எழுதி ஓட்டும் தொகுப்பு) 11 அல்லது அதற்கு மேல் போட்டிருந்தால் பெரும்பாலும் ஜாவாஎஃப்எக்ஸைத் தனியாக இறக்க வேண்டும், இதற்கே எனக்கு ஒரு ஞாயிறு போனது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) எக்ஸ்டெர்னல் கேட்டது ஒரே கேள்வி: "சிஎஸ்எஸ் ஃபைல் ஒண்ணு போட்டாலே எல்லாம் ஒரே மாதிரி வந்துருமே, இன்ஹெரிட்டன்ஸ் எதுக்குங்க?" நிறமும் எழுத்தளவும் சிஎஸ்எஸ்ஸில் இருக்கட்டும்; சேவ் பட்டன் எங்கே நிற்கும், அழுத்தினால் எந்த வரிசையில் என்ன நடக்கும் என்பது பேரண்டில் இருக்க வேண்டும் என்றேன். தலையாட்டிவிட்டுப் பக்கத்து சிஸ்டத்துக்குப் போய்விட்டார்.